ஆடாத ஆட்டத்தின் மூன்று கோல்கள்

2019 ஜூன் 11ஆம் தேதி கொழும்பில் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்திருக்க வேண்டும். 2022 உலகக்கோப்பைக்கான ஆசியத் தகுதிப்போட்டியின் முதல் சுற்று, இரண்டாவது ஆட்டம். எதிரணி மக்காவ். ஆட்டம் நடக்கவில்லை, மக்காவ் அணி விமானமே ஏறவில்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒரு ஸ்கோர் இருக்கிறது. இலங்கை 3, மக்காவ் 0. அந்த மூன்று கோல்களை யார் அடித்தார்கள், எத்தனையாவது நிமிடத்தில், வலது காலா இடது காலா என்று கேட்டால் பதில் கிடையாது. இருந்தாலும் ஸ்கோர் ஸ்கோர்தான். அதை வைத்துத்தான் இலங்கை அடுத்த சுற்றுக்குப் போனது.

அடுத்த சுற்றில், அதே ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி, அதே கொழும்பில் இலங்கை வட கொரியாவோடு ஆடியது. இது நிஜமாகவே நடந்த ஆட்டம். ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். இலங்கை 0–1 என்று தோற்றது. வட கொரியாவிடம் ஒரே கோலில் தோற்பது இலங்கைக்குக் கௌரவமான தோல்வி. 2021 மே மாதம் வட கொரியா போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. அவர்கள் ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் பிரிவு அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன.

ஆக, ஒரே நாடு, ஒரே போட்டி. நடக்காத ஆட்டம் ஒன்று 3–0 என்று கணக்கில் நிற்கிறது. நடந்த ஆட்டம் ஒன்று கணக்கில் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரு வெற்றியை வெற்றியாக்குவது எது? நடந்ததா, எழுதப்பட்டதா?

நான் பிழைப்புக்கு டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன். எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு சின்ன, சலிப்பான பதில் உண்டு. பூஜ்யம் வேறு, 'நல்' வேறு. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. 'நல்' என்றால் எண்ணவே இல்லை. சம்பளம் பூஜ்யம் என்பவனும் சம்பள விவரம் தராதவனும் ஒன்றல்ல. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் ஆறு மாதத்தில் செய்கிற பாதித் தப்பு இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான். கொழும்பு ஆட்டத்தின் உண்மையான ஸ்கோர் 'நல்–நல்'. ஃபிஃபா அந்தக் கட்டத்தில் 3–0 என்று நிரப்பியது. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த சுற்று நடக்காது என்பது எனக்கும் புரிகிறது. இயந்திரம் ஓட ஏதோ ஒரு எண் வேண்டும்.

கேள்வி இத்தோடு தீர்ந்துவிட்டால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இலங்கையைச் சின்ன நாடு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டேகால் கோடிக்குப் பக்கம் ஜனத்தொகை. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆடும் நாடுகளில் சான் மரினோ என்று ஒன்று இருக்கிறது, இத்தாலிக்குள்ளே ஒரு மலைமேல். மொத்த ஜனத்தொகை முப்பத்து மூன்று, முப்பத்து நாலாயிரம். எங்கள் துறையூர் நகராட்சியின் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பில் 32 ஆயிரத்துச் சொச்சம். அதாவது துறையூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிறவர்களை மட்டும் வைத்து ஒரு தேசிய அணி கட்டி இங்கிலாந்தோடு மோதுவது மாதிரி. 2004இல் லீக்டன்ஸ்டைனை 1–0 என்று வென்றவர்கள், அடுத்த வெற்றிக்கு 2024 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். அதுவும் அதே லீக்டன்ஸ்டைன், அதே 1–0. இருபது வருஷம்! அதோடு ஒப்பிட்டால் இலங்கை பெரிய நாடுதான். ஆனால் கால்பந்தில் ஒரு நாட்டின் அளவை ஜனத்தொகை தீர்மானிப்பதில்லை. இந்தியாவைப் பார்த்தாலே தெரியும்.

இலங்கையின் ஏடு சுருக்கமானது. சிலோன் என்ற பெயரில் இருந்தபோது, 1964 ஜனவரியில், கொழும்பில் கிழக்கு ஜெர்மனியிடம் 1–12 என்று தோற்றது. அவர்களுடைய மிகப்பெரிய தோல்வி அது. மிகப்பெரிய வெற்றி 2008இல் தைபேயில் பாகிஸ்தானை 7–1 என்று அடித்தது. 1995இல் கொழும்பில் தெற்காசியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என்று வென்றார்கள். 2006இல் ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பையின் இறுதி வரை வந்து தஜிகிஸ்தானிடம் தோற்றார்கள். 2015 மார்ச்சில் உலகத் தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்த பூடானிடம், உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில், உள்ளூரிலும் வெளியூரிலும் தோற்றார்கள். உச்சமும் பாதாளமும் இவ்வளவுதான். இப்படிப்பட்ட ஏட்டில் ஒவ்வொரு வரியும் கனம். பிரேசிலின் ஏட்டில் ஒரு வரியைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு வரி என்பது ஒரு தலைமுறை ஆட்டக்காரனின் மொத்தச் சொத்து.

2019க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழு வாரம் கழித்து மக்காவ் அணி கொழும்பு வரவேண்டும். முதல் ஆட்டம் ஜூன் 6 அன்று சீனாவின் ஜுஹாயில் நடந்தது, மக்காவ் 1–0 என்று ஜெயித்திருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவ் கால்பந்து சங்கம் அணியை அனுப்ப மறுத்துவிட்டது. ஜூன் 27 அன்று ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு தீர்ப்பளித்தது. 3–0. மொத்தக் கோல் கணக்கில் 3–1. இலங்கை உள்ளே, மக்காவ் வெளியே.

மக்காவ் ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு கோல் முன்னிலையில் இருந்தவர்கள், அடுத்த சுற்றில் பெரிய அணிகளோடு ஆடும் கனவில் இருந்தவர்கள். அந்தக் கோபத்தில் அங்கே உள்ளூர்க் கோப்பை ஆட்டம் ஒன்றில் இரண்டு அணிகள் சேர்ந்து மாறிமாறிக் கோல் விட்டுக்கொடுத்து 21–18 என்று ஆட்டத்தை முடித்தார்கள். நான் பார்த்த எதிர்ப்புகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். ஆடாமலே ஸ்கோர் போடலாம் என்றால் எந்த ஸ்கோரையும் போடலாமே என்று ஸ்கோரைக் கொண்டே கேட்டார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? நான் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். சங்கத்தின் பயத்தைப் பழிக்க முடியாது. குண்டு வெடித்த ஊருக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பொறுப்பு யாருக்கும் சுலபமில்லை. ஃபிஃபாவையும் பழிக்க முடியாது. வராதவனுக்குத் தண்டனை இல்லையென்றால் முதல் ஆட்டத்தில் ஜெயித்தவன் எவனும் இரண்டாவது ஆட்டத்துக்கு வரமாட்டான். இலங்கையைப் பழிக்கவே முடியாது. மைதானம் தயார், ஆட்கள் தயார். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். முடிவு மட்டும் கோணலாக இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இது. 3–0 என்பது ஒரு தீர்ப்பு. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு சொல்வார்களே, அந்த வகை. தீர்ப்பில் பிழையில்லை. ஆனால் அது ஸ்கோரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. தீர்ப்பு 'இனி என்ன செய்வது' என்று சொல்வது, ஸ்கோர் 'என்ன நடந்தது' என்று சொல்வது. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதும்போது யாரோ ஒருவருக்கு அநியாயம் நடக்கிறது. மக்காவுக்கு நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஜெயித்தவனுக்கு நடந்த அநியாயம்தான் தெரிவதில்லை.

பள்ளியில் எனக்கு இது ஒருமுறை நடந்தது. பத்தாம் வகுப்பு. பள்ளிக் கால்பந்து அணியில் நான் சப்ஸ்டிட்யூட், அதாவது தண்ணி பாட்டில் தூக்குகிறவன். மாவட்ட அளவிலான போட்டி, திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில். விடிகாலை துறையூரிலிருந்து பஸ் ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். ஒன்பது மணிக்கு ஆட்டம். எதிரணி வரவில்லை. பத்தரை வரைக்கும் காத்திருந்தோம். வெயில் ஏறிவிட்டது. நடுவர் பந்தை நடுக்கோட்டில் வைத்து எங்கள் கேப்டனைக் கூப்பிட்டு, "ஒரு தட்டுத் தட்டிவிடுப்பா, ஃபார்மாலிட்டி" என்றார். அவன் தட்டினான். விசில். "வாக் ஓவர். அவ்ளோதான், கெளம்புங்க."

பி.டி. சார் எங்களுக்கு ஆளுக்கொரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். யாருக்கும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "ஜெயிச்சீங்களாடா?" "ஆமாம்மா." "எத்தன கோலு?" அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நாங்கள் நாலு மாதம் பயிற்சி எடுத்திருந்தோம். எங்கள் கோல்கீப்பர், ஒரு லாரி டிரைவரின் மகன், மற்றவர்கள் போனபிறகும் இருட்டும் வரை சுவரில் பந்தடித்துப் பிடித்துக்கொண்டிருப்பான். அவன் எவ்வளவு நல்ல கோல்கீப்பர் என்று அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, பிறகு பள்ளியும் முடிந்துவிட்டது. அந்தச் சான்றிதழில் 'வெற்றி' என்று இருக்கிறது.

இலங்கை ஆட்டக்காரர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஒரு கோல் பின்தங்கி, சொந்த மைதானத்தில், குண்டுவெடிப்புக்குப் பிந்தைய கொழும்பில், தங்கள் ஜனங்கள் முன்னால் அதைத் திருப்பியடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக மூன்று கோல்களைக் கொடுத்தார்கள். "எப்படியும் தோத்திருப்பாங்க, ஓசியில கெடச்சுது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இல்லை என்று மறுக்க அவர்களிடம் ஒன்றுமே இல்லை. ஆட்டம் நடந்திருந்தால் தோற்றிருந்தாலும் ஒரு பதில் இருந்திருக்கும்.

இதே இலங்கைக்கு இது முன்பும் நடந்திருக்கிறது, வேறொரு விளையாட்டில். 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. இரண்டு வாரத்தில் கிரிக்கெட் உலகக்கோப்பை. ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் கொழும்பு வர மறுத்துவிட்டன. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் கலந்த ஓர் அணி பிப்ரவரி 13 அன்று கொழும்பில் போய் ஆடியது. அப்படியும் அந்த இரண்டு நாடுகள் மசியவில்லை. இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளும் இலங்கைக்கு. அரையிறுதியில் கொல்கத்தாவில் இந்தியா எட்டு விக்கெட் இழந்து தவித்தபோது கூட்டம் பாட்டில் வீசி, இருக்கைகளுக்குத் தீ வைத்து, ஆட்டம் பாதியில் நின்று அதுவும் இலங்கைக்கு வழங்கப்பட்டது. காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியதை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆக அந்த உலகக்கோப்பையில் இலங்கையின் எட்டு வெற்றிகளில் இரண்டு ஆடாதவை, ஒன்று ஆடி முடிக்காதது.

யாராவது அதை ஓசி உலகக்கோப்பை என்கிறார்களா? கிடையாது. ஏனென்றால் மார்ச் 17 அன்று லாகூரில் இறுதியாட்டத்தில், கொழும்புக்கு வர மறுத்த அதே ஆஸ்திரேலியாவை ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். அரவிந்த டி சில்வா 107 நாட் அவுட். அந்த ஒரு மாலை முன்னால் இருந்த ஆடாத ஆட்டங்களையெல்லாம் கழுவிவிட்டது. கொழும்பில் ஆடியிருந்தாலும் இவர்கள்தான் ஜெயித்திருப்பார்கள் என்று எல்லாரும் தாமாகவே ஒப்புக்கொண்டார்கள்.

2019 கால்பந்து அணிக்கு ஒரு லாகூர் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது தென் கொரியாவின் ஹ்வாசோங். சோன் ஹுங்-மின் இரண்டு, கிம் ஷின்-வூக் நான்கு, மொத்தம் 0–8. துர்க்மெனிஸ்தானிடம் இரண்டு தோல்வி. லெபனானிடம் இரண்டு. தென் கொரியாவிடம் மறுபடியும், 0–5. வட கொரியா ஆட்டத்தை அழித்தபிறகு கணக்கில் மிச்சம் ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. அடித்தது 2, வாங்கியது 23. "பாத்தியா, இவங்கள மேல ஏத்தி விட்டதே தப்பு" என்று சொல்ல இது போதும்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஓசியில் கிடைத்தது நியாயமா என்பதைப் பின்னால் வரும் வெற்றிதான் தீர்மானிக்கிறது என்றால், அந்த நியாயம் பலசாலிகளுக்கு மட்டும் கிடைக்கிற நியாயம். 1996 அணி ஒரு மகா அணி, அதனால் அதற்குக் கிடைத்த சலுகை 'உரிமை' ஆகிவிட்டது. 2019 அணி சாதாரண அணி, அதற்குக் கிடைத்தது 'பிச்சை' ஆகிவிட்டது. நடந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இரண்டிலும் இலங்கை வந்து நின்றது, எதிரி வரவில்லை.

உலகம் இதைவிட அசிங்கமான வாக் ஓவர்களைப் பார்த்திருக்கிறது. 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவப் புரட்சி. சாண்டியாகோவின் தேசிய விளையாட்டரங்கை ராணுவம் சிறையாக்கி ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்திருந்தது. அதே அரங்கில் நவம்பர் 21 அன்று சோவியத் யூனியன் வந்து ஆட வேண்டும். முதல் ஆட்டம் மாஸ்கோவில் 0–0. சோவியத் மறுத்தது. ஃபிஃபா ஆட்டத்தை மாற்றவில்லை. அன்றைக்குச் சிலி அணி மட்டும் இறங்கியது. நாலைந்து பேர் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே போய், யாருமில்லாத கோலுக்குள் கேப்டன் பிரான்சிஸ்கோ வால்டஸ் உதைத்தார். கணக்கில் 2–0. கூடியிருந்த கூட்டத்துக்காக அன்றே பிரேசிலின் சாண்டோஸ் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் நடந்தது, அதில் சிலி 0–5. அந்த ஒற்றைக் கோலின் காணொளி இணையத்தில் இருக்கிறது. எதிரே யாருமில்லாமல் பதினோரு பேர் ஓடுவதைப் பார்க்கும்போது ஆட்டம் என்பதே எதிராளியின் சம்மதத்தில் நிற்கிற ஒன்று என்று தெரிகிறது. தடுக்க ஒருவன் இல்லையென்றால் கோல் என்பது இரண்டு கம்பத்துக்கு நடுவில் பந்தைப் போடுவது மட்டும்தான்.

நம் கதையும் சுத்தமில்லை. 1950 உலகக்கோப்பைக்கு இந்தியா தகுதிபெற்றது என்று பெருமையாகச் சொல்கிறோம். எப்படித் தகுதிபெற்றது? பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் பிரேசிலுக்கு டிக்கெட். பிறகு இந்தியாவும் போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடவில்லை என்பதால்தான் போகவில்லை என்று ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. விளையாட்டு வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதை ஏற்பதில்லை, அணித் தேர்வுத் தகராறும் பயிற்சிக்கு நேரமின்மையும் ஒலிம்பிக்கைப் பெரிதாக நினைத்ததும்தான் காரணம் என்கிறார்கள். ஆடாமல் கிடைத்தது, ஆடாமலே போனது. அதைச் சுற்றி ஒரு புராணம் கட்டி நாம் எழுபது வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம். இலங்கைக்காரர்கள் குறைந்தபட்சம் போய் எட்டு கோல் வாங்கினார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு வெண்ணிப் போர் நினைவுக்கு வருகிறது. கரிகாலன், அதாவது எங்கள் பக்கத்து உறையூர்ச் சோழன், வெண்ணியில் சேரனை வென்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகில் வந்துவிட, புறப்புண் பட்டதாகிவிட்டதே என்று நாணி, சேரன் வடக்கிருந்து உயிர் விட்டான். புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் வென்றவனிடமே கேட்கிறார், உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று. போரின் முடிவை அவர் மாற்றவில்லை. ஜெயித்தது கரிகாலன்தான். அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி எழுதினார், அவ்வளவுதான். ஒரு குயவர் வீட்டுப் பெண் அதை ராஜாவின் முகத்துக்கு நேரே எழுத முடிந்ததும், அது இரண்டாயிரம் வருஷம் கழிந்து நம் கைக்கு வந்ததும் சாதாரண விஷயமில்லை.

தோற்றவனின் வரியை அழிக்காமல் வைப்பது என்றால் என்ன என்பதை நான் கற்றது சித்தப்பாவிடம். துறையூரில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பேரேட்டில் தப்பாக ஒரு தொகை ஏறிவிட்டால் அடித்து எழுத மாட்டார். தப்பான பதிவு அப்படியே இருக்கும். கீழே இன்னொரு நாள், இன்னொரு வரியில், எதிர்ப்பதிவு போடுவார். "அடிச்சு எழுதுனா நாளைக்கி எவனும் நம்ப மாட்டான்டா. தப்பும் கணக்குதான்" என்பார். வங்கி மென்பொருள்களும் இப்படித்தான் இயங்குகின்றன. எதையும் அழிப்பதில்லை, மேலே மேலே எழுதிக்கொண்டு போகிறோம். 0–1ஐ அழிக்காமல், 'எதிரணி விலகியதால் புள்ளிக்குச் சேராது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 'ஆட்டம் நடக்கவில்லை, இலங்கைக்கு வழங்கப்பட்டது' என்று எழுதினால் போதும், மூன்று கோல் எதற்கு? பெரிய புள்ளிவிவரத் தளங்களில் அடிக்குறிப்பாக இதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? சிறியவர்களின் உண்மை எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

என்னோடு திருச்சியில் பொறியியல் படித்த நண்பன் ஒருவன் கொட்டப்பட்டு முகாமில் பிறந்து வளர்ந்தவன். அவனிடம் இந்த மக்காவ் விஷயத்தைச் சொன்னேன். அவன் கால்பந்து என்று சொல்ல மாட்டான், வீட்டுப் பழக்கம், உதைபந்துதான்.

"எங்கப்பா மன்னார்ல உதைபந்து ஆடினவர்டா" என்றான். "கிளப் டீம். கப்பெல்லாம் வாங்கிருக்காராம். 90ல போட்ல ஏறும்போது எதையும் எடுத்துட்டு வரல. ஒரு போட்டோ இல்ல, ஒரு பேப்பர் இல்ல. முகாம்ல பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாரு. யாராவது எங்க ஆடினீங்கன்னு கேட்டா சொல்லுவாரு. நம்புறவன் நம்புவான்."

"நீ எந்த டீமுக்கு சப்போர்ட்?"

சிரித்தான். "நான் பொறந்தது திருச்சி ஆஸ்பத்திரியில. கார்டுல இலங்கை. நான் இலங்கையப் பாத்ததே இல்ல. அந்த மூணு கோல் மாதிரிதான்டா நானும், போகாத ஊர்ல என் பேர எழுதி வெச்சிருக்காங்க."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியபோதும் இதே சிரிப்புதான் சிரித்தான். பெயர் மாறியதில் அவனுக்கு வருத்தமில்லை, சந்தோஷம்கூடத்தான். ஆனால் அவனுடைய கட்டத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பேர் சொல்லி எழுதியது, அதில் இலங்கை இல்லை. நடந்ததற்கும் எழுதப்பட்டதற்கும் இடையிலான தூரத்தை ஒரு விளையாட்டு ரசிகனாக நான் யோசித்துக்கொண்டிருக்க, அவன் அதற்குள்ளேயே குடியிருக்கிறான். அவனுடைய அப்பா ஆடிய ஆட்டங்கள் எல்லாம் நடந்தவை. எதற்கும் ஸ்கோர் கிடையாது.

இலங்கைக் கால்பந்தின் கதை அதற்குப் பிறகும் இதே தடத்தில்தான் போனது. 2023 ஜனவரியில், வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இலங்கைக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. சண்டை நிர்வாகிகளுக்குள். தண்டனை ஆடுகிறவர்களுக்கு. அந்த ஆண்டு பெங்களூரில் தெற்காசியப் போட்டி நடந்தபோது இலங்கை அணி ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிற மாதிரி இருந்தும் வரமுடியவில்லை. இந்த முறை ஓசி வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, வெறும் காலி. ஆகஸ்டில் தடை நீங்கியது. அக்டோபரில் ஏமனோடு தகுதிச்சுற்று ஆடி, முதல் ஆட்டத்தில் 0–3 என்று தோற்று, கொழும்பில் 1–1 என்று சமன் செய்து வெளியேறினார்கள்.

பிறகு 2024 செப்டம்பர். ஆசியக் கோப்பைத் தகுதிக்கான பிளே ஆஃப், எதிரணி கம்போடியா. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பிள்ளைகள் பலர் இப்போது அணியில். அவர்களில் சிலர் அந்த நாட்டில் மொத்தம் எத்தனை நாள் இருந்திருப்பார்கள் என்று என் நண்பன் கிண்டலாகக் கணக்குப் போட்டான், கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும். கொழும்பில் 0–0. ப்னோம் பென்னில் 2–2. கூடுதல் நேரம் முடிந்து பெனால்டி ஷூட் அவுட், 4–2. இலங்கை உள்ளே, கம்போடியா வெளியே. இந்த முறை எதிரணி வந்திருந்தது, அவர்களுடைய சொந்த மைதானத்தில், அவர்களுடைய கூட்டத்துக்கு முன்னால். பெனால்டியில் முடிகிற ஆட்டங்களைச் சமநிலை என்று பதிவதுதான் கால்பந்தின் மரபு. பட்டியலில் அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் பக்கத்தில் 'டிரா' என்று இருக்கிறது.